அது சிரிக்கவில்லை

கோத்தகிரிப் பக்கம் நான்கு அறைகள் கொண்ட ஒரு சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். வருகிறவர்களிடம் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: "இங்கே எதற்கும் பிஸ்கட் கொடுக்காதீர்கள்." எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுநாள் காலையில் யாராவது ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டோடு மொட்டைமாடியில் நிற்பார்.

ஒரு மே மாதம் வந்த குடும்பத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன். மாடிக் கைப்பிடிச் சுவரில் நாட்டுக் குரங்கு ஒன்று, வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு உட்கார்ந்திருந்தது. பையன் ஒவ்வொரு பிஸ்கட்டாக நீட்டினான். மூன்று வரைக்கும் ஒழுங்காக வாங்கிக்கொண்டது. நாலாவது இல்லை. வெறுங்கையை விரித்துக் காட்டிக்கொண்டே இன்னும் ஓர் அடி முன்னால் போனான். குரங்கு உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டியது. "அங்கிள், சிரிக்குது பாருங்க!" அவன் சொல்லி முடிப்பதற்குள் முழங்கைக்குக் கீழே இரண்டு பல் பதிந்துவிட்டது.

அது சிரிப்பில்லை. தமிழில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது, இளிப்பு. நம் முன்னோர் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள், நாம்தான் ஒன்றாக்கிவிட்டோம். இந்தக் குரங்கு வகையில் தாடையைத் திறக்காமல் உதட்டை மட்டும் இழுத்துப் பல்லைக் காட்டினால் பயம், "என்னை விட்டுவிடு" என்று பொருள். வாயைத் திறந்து, புருவத்தை மேலே ஏற்றி, கண்ணை எடுக்காமல் பார்த்தால் மிரட்டல். திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்க வேண்டாம், கோரைப் பல்லைக் காட்டி எச்சரிக்கிறது. பயந்த குரங்கு வழி இருந்தால் ஓடிவிடும். கையில் குட்டியும் பின்னால் சுவர் முடிவும் இருந்தால் கடிக்கும்.

இந்தப் பக்கத்தில் நான் பார்க்கிற தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர் இதுதான்: மிருகத்தின் முகத்தை மனுஷ முகமாகப் படிப்பது. பெரிய கண், உருண்டைத் தலை, உப்பிய கன்னம், குட்டைக் கைகால் இவற்றைப் பார்த்தவுடன் நமக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறது என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதிவிட்டார். கைக்குழந்தையை வளர்ப்பதற்காக நமக்குள் இருக்கிற ஏற்பாடு அது. கரடிக்குட்டியைப் பார்த்தாலும் அதே மணி அடித்துவிடுகிறது. மணி நமக்குத்தான் அடிக்கிறது, அதன் அம்மாவுக்கு அல்ல.

பையன் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் கடிக்கு அப்புறம் நடந்ததும் தவறுதான். பாட்டி ஓடிப்போய் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வந்தார். காப்பித்தூள் வைக்கலாம் என்றார் இன்னொருவர். ஒருவர் இறுக்கிக் கட்டச் சொன்னார். இவை எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் தெரியும். ஆனால் அந்தக் கழுவலில்தான் காயத்தில் இருக்கிற ரேபீஸ் கிருமியில் பெரும்பகுதி போகிறது. பிறகு நேராக ஆஸ்பத்திரி. குரங்கு, நரி, மரநாய், வௌவால் எது கடித்தாலும் நாய்க்கடிக்குப் போடுகிற அதே தடுப்பூசிதான். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள்கள் என்று நான்கு தவணை. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டியிருக்கும். "ஊசி ஒன்று போட்டாச்சு, சரியாகிவிட்டது" என்று ஊருக்குப் போய் மற்றதை மறந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேபீஸ் அறிகுறி ஒருமுறை தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நகம் கீறியதுதானே, பல் படவில்லையே என்று விட்டுவிடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

கையைத் தூக்கிக் காட்டும் தேவாங்கு

போனில் அடிக்கடி சுற்றிவரும் வீடியோ ஒன்று உண்டு. உருண்டைக் கண்ணுடன் ஒரு குட்டிப் பிராணி, யாரோ கிச்சுகிச்சு மூட்ட, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு "இன்னும், இன்னும்" என்பதுபோல உட்கார்ந்திருக்கும். அது ஸ்லோ லோரிஸ். தென்கிழக்காசியக் காடுகளிலும் நம் வடகிழக்கு மாநிலங்களிலும் இருக்கிற தேவாங்கு இனம். அதன் முழங்கைக்கு உட்புறம் ஒரு சுரப்பி உண்டு. ஆபத்து என்று தோன்றினால் கையைத் தூக்கி அந்த இடத்தை வாய்க்குக் கொண்டுவந்து நக்கும். சுரப்பியில் வருவதும் எச்சிலும் கலந்தால் விஷம். நாம் கொஞ்சல் என்று பார்க்கிற அந்தக் கை, துப்பாக்கியில் குண்டு போடுகிற கை. கடி வாங்கிய இடம் வீங்கி அழுகுவதும், சிலருக்கு ஒவ்வாமை முற்றி மூச்சு அடைப்பதும் மருத்துவர்கள் பதிவு செய்தவை. வளர்க்க வாங்கினவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று, விற்கிறவர்கள் அதன் பல்லை மயக்க மருந்துகூட இல்லாமல் வெட்டி விடுவார்கள். 2007இல் இதன் சர்வதேச வியாபாரத்துக்கு முழுத் தடை வந்தது. வீடியோவுக்குத்தான் தடை இல்லை.

நம் திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துத் தேவாங்கு வேறு. ஒல்லியானவரைத் "தேவாங்கு" என்று கிண்டல் செய்வோமே, அந்த ஒல்லித் தேவாங்கு. அதற்கு இப்படி விஷம் இருப்பதாகத் தெரியவில்லை. அதன் ஆபத்து நாம்தான். மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று பிடித்துத் தீர்த்தார்கள். 2022இல் கடவூர் மலைப் பகுதியில் 11,806 ஹெக்டேரை அதற்கென்றே சரணாலயமாக்கினார்கள், இந்தியாவில் தேவாங்குக்கு முதல் சரணாலயம்.

அழகும் விஷமும் சேர்ந்தது என்று பார்த்தால் கடற்கரையில் இன்னும் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன்கள் ஒதுங்கின. கட்டைவிரல் அளவுதான், வெள்ளியும் நீலமும் கலந்த சிறகு மாதிரி விரல்கள். கொட்டக்கூடிய கடல் ஜந்துக்களைத் தின்று, அவற்றின் கொடுக்கு அணுக்களைச் செரிக்காமல் தன் விரல்நுனியில் சேமித்து வைத்துக்கொள்கிற பிராணி இது. மணலில் செத்துக் கிடந்தாலும் கொட்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் பிள்ளைகள் பொறுக்குகிற கூம்பு வடிவச் சங்கிலும் இதே கதை. உள்ளே உயிர் இருந்தால் குறுகிய முனைப் பக்கமிருந்து ஈட்டி போல ஒரு பல் பாயும், துணியையும் துளைக்கும். சில வகைகளின் விஷத்தால் ஆள் செத்திருக்கிறார்கள். மாற்று மருந்து கிடையாது. ஓடு காலியா என்று பார்ப்பதற்குள் சட்டைப் பையில் போடுகிற பழக்கம் வேண்டாம்.

"பாவம், அம்மாவைத் தொலைத்துவிட்டது"

இது நல்ல மனசில் செய்யும் தவறு. அதனால்தான் தடுப்பது கஷ்டம்.

தேயிலை பறிக்கப் போகிறவர்கள் செடி அடியில் சிறுத்தைக் குட்டிகளைப் பார்ப்பது மலையில் எப்போதாவது நடக்கும். கண் சரியாகத் திறக்காத இரண்டு மூன்று குட்டிகள், பூனைக்குட்டி மாதிரி. பக்கத்தில் யாரும் இல்லை. உண்மையில் தாய் இரைக்குப் போயிருக்கும், அல்லது நூறு அடி தள்ளிப் புதருக்குள் இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதர் நடமாட்டம் குறைந்த பிறகு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். குட்டியை எடுத்து வைத்துப் படம் பிடித்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டுக்குக் கொண்டுவந்து பால் ஊற்றினால், அன்று ராத்திரி தாய் தேடி வரும் இடம் லயன் வீடு. சமவெளிக் கரும்புக்காட்டில் இந்தக் குழப்பம் தலைகீழாகவும் நடக்கிறது. காட்டுப்பூனைக் குட்டியைச் சிறுத்தைக் குட்டி என்று நினைத்து ஊரே கூடி, கடைசியில் தாய்ப்பூனை பயந்து வராமலே போய்விடும்.

மான்குட்டியும் அப்படித்தான். புல்லுக்குள் அசையாமல் சுருண்டு கிடந்தால் அனாதை என்று அர்த்தமில்லை. அசையாமல் கிட என்று விட்டுவிட்டுத்தான் தாய் மேயப் போயிருக்கிறது.

யானைக்குட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். பிறக்கும்போதே கிட்டத்தட்ட நூறு கிலோ. விளையாட்டாக முட்டினாலே நாம் விழுவோம். அதோடு, குட்டிக்கு ஒரு தாய் மட்டும் இல்லை, அக்கா, பெரியம்மா, பாட்டி என்று கூட்டமே காவல். ரோட்டோரத்தில் குட்டி நின்றால் காரை நிறுத்துகிறார்கள். குட்டி இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம், நடுவில் நம் கார். இதைவிட மோசமான பார்க்கிங் உலகத்தில் கிடையாது.

எந்தக் குட்டியாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: வந்த வழியே பின்னால் போய், வனத்துறைக்குச் சொல்வது. ஆனைமலையில் 2023 டிசம்பரில் கூட்டத்தை விட்டுப் பிரிந்த குட்டியை வனத்துறை ஊழியர்கள் தேடித் தாயோடு சேர்த்தார்கள். அப்புறம் அது தாயை ஒட்டித் தூங்கும் படம் நாடு முழுக்கப் பரவியது. அந்தப் படத்தை எல்லாரும் பார்த்தோம். ஆள் வைத்துக் கூட்டத்தைத் தேடிய வேலையை எத்தனை பேர் கவனித்தோம் என்று தெரியவில்லை.

கரடியும் அந்த இரண்டு நண்பர்களும்

கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கிய தலைமுறை நம்முடையது. போதாததற்குப் பள்ளிக்கூடக் கதை வேறு: கரடி வந்தது, ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான், இன்னொருவன் செத்தவன் போல் படுத்துக்கொண்டான், கரடி காதில் முகர்ந்துவிட்டுப் போனது. நம் மலைக் கரடி அந்தக் கதையைப் படித்ததில்லை. தேனடைக்காக மரம் ஏறிப் பழகிய பிராணி அது. மரத்தில் ஏறினவன் பத்திரம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இங்கே சாயங்காலம் தேயிலைத் தோட்ட ஓரத்தில் அம்மா கரடி முதுகில் இரண்டு குட்டிகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது மாதம் வரைக்கும்கூட அப்படிச் சுமக்கும். ஆனால் புற்றைப் பிளக்கிற நகங்கள் நம் விரல் நீளம். கண் மந்தம், காதும் அவ்வளவு கூர்மை இல்லை. கறையானை உறிஞ்சுகிற மும்முரத்தில் நாம் பத்தடியில் வரும்வரை தெரியாது. தெரிந்தவுடன் ஓடுவதற்கு நேரமில்லை, அதனால் பாயும். தின்பதற்கு அல்ல, பயத்தில். பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் காயம் விழுகிறது.

அதனால் சத்தமில்லாமல் நடப்பது, அதுவும் விடியலிலும் மசங்கிய நேரத்திலும், இங்கே பெரிய தவறு. எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா காலை ஆறு மணிக்குத் தடத்தில் வரும்போது தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொண்டே வருவார். புதிதாக வந்தவர்கள் என்னிடம் ரகசியமாக விசாரிப்பார்கள், அவருக்கு ஏதாவது பிரச்சினையா என்று. கரடிக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறார், அவ்வளவுதான். ராத்திரியில் சமையலறைக் கதவைச் சாத்தாமல் விடுவதும், எண்ணெய் டின்னை வெளியே வைப்பதும் அழைப்பிதழ் கொடுப்பது மாதிரி. கோயில் விளக்கு எண்ணெயைக்கூடக் குடித்துவிட்டுப் போகும். நேரில் பாய்ந்தே விட்டால், படுத்துக்கொண்டவன் செய்ததில் பாதி சரி: குப்புறப் படுத்து, முகத்தைத் தரையில் வைத்து, இரண்டு கையையும் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்தால் முகம் போய்விடும்.

"மாடுதானே"

பேப்பரில் காட்டெருமை என்று எழுதுவார்கள், காட்டு மாடு என்பதுதான் சரி. முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால், சாதுவான முகம், அசைபோடுகிற வாய். ஊருக்குள் குப்பைத்தொட்டிப் பக்கம்கூட நிற்பதால் நம் வீட்டு லட்சுமி மாதிரியே தோன்றும். பெரிய காளை ஆயிரம் கிலோவைத் தொடும்.

இதிலும் முகத்தைப் படிக்கிற தவறுதான், ஆனால் வேறு மாதிரி. காளை மிரட்டும்போது முதலில் முட்ட வராது. பக்கவாட்டில் திரும்பி, முதுகுத் திமிலும் உடம்பின் முழு நீளமும் தெரிகிற மாதிரி நிற்கும். "நான் எவ்வளவு பெரியவன் பார்" என்று காட்டுவது. நமக்கு அது போட்டோவுக்கு நிற்கிற மாதிரியே இருக்கும்.

போன வருஷம் ஐப்பசியில், விடிந்தும் விடியாத நேரம். ஊருக்குக் கிளம்பின ஒரு தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டான். வெளியே தடத்தில் ஒற்றைக் காளை, குறுக்காக. "அண்ணா, போஸ் குடுக்குதுண்ணா," என்று போனை எடுத்து நாலடி முன்னால் போனான். காளை தலையைத் தாழ்த்தி ஒருமுறை மூச்சை விட்டது, குக்கர் விசில் போடப் போகிற மாதிரி ஒரு சத்தம். சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கேட்டைச் சாத்தினேன். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தோம், இரண்டாவது டீயும் குடித்தோம். கீழ்த் திருப்பத்தில் ஆறரை மணி மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. காளை தலையைக்கூடத் தூக்கவில்லை, வேலியோரத்துப் புல்லை மேய்ந்துகொண்டே இருந்தது.