மேயர் சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சுயேச்சையாக நிற்பது எப்படி?

மேயராக இருந்தவரை எளிதில் விடாத மயக்கம் ஒன்று உண்டு: ஊரே எனக்குத்தான் ஓட்டுப் போட்டது என்ற நினைப்பு. தென்னாப்பிரிக்காவில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் மேயராக இருந்த ஒருவர், 2024-இல் குவாசூலு-நட்டால் மாகாணச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்க நினைத்தார். அதற்கு வேண்டிய வாக்காளர்களின் ஆதரவுக் கையெழுத்துகளை வாங்கும் மேசையில் உட்கார்ந்தது ஓய்வுபெற்ற வாத்தியாரான நான். முதலில் போட வேண்டிய கணக்கை நாங்கள் கடைசியில் போட்டோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கணக்கு எளிது. நகராட்சித் தேர்தலில் வார்டு வேட்பாளருக்கு ஒரு வாக்குச்சீட்டு, கட்சிக்கு ஒரு வாக்குச்சீட்டு. வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வேட்பாளர் சீட்டில் அவர் வாங்கியதிலிருந்து, அதே வார்டில் அவர் கட்சி வாங்கியதைக் கழியுங்கள். ஏறக்குறைய அந்த மிச்சம்தான் அவர் முகத்துக்கு விழுந்த ஓட்டு. வார்டில் நிற்காமல், கட்சி கொடுத்த பெயர்ப் பட்டியல் வழியாக வந்த மேயருக்குக் கழித்துப் பார்க்கக்கூட எதுவும் இல்லை. சட்டமன்றத்தில் 80 இடங்கள். மாகாணம் முழுவதிலும் சேர்த்து, ஓர் இடத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் ஓட்டு வேண்டும். அதன் இருமடங்கு வாங்கினாலும் சுயேச்சைக்கு ஓர் இடம்தான்.

அடுத்தது ராஜினாமா. கட்சியை விட்டால் கவுன்சிலர் பதவி போகும், அதோடு சங்கிலியும் போகும். கட்சி தாவுவதற்கு 2002-இல் திறந்த கதவை 2009-இல் மூடிவிட்டார்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாகாணத் தேர்தலில் சுயேச்சைகள் நிற்க வழிவிட்டது அரசியலமைப்பு நீதிமன்றத்தின் ஜூன் 2020 தீர்ப்பு. 2023 டிசம்பரில் அதே நீதிமன்றம் கையெழுத்து எண்ணிக்கையை ஆயிரமாகக் குறைத்தது. ஆயிரம்தானே என்று நானும் நினைத்தேன்.

2024 ஜனவரி 25, தைப்பூசம். காவடி வரும் வழியில் மேசை போட்டோம். கோயில் கமிட்டி அண்ணன் வந்து, "உள்ளே அரசியல் வேண்டாம், மாஸ்டர்" என்றார். அவர் சொன்னது சரிதான். வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டோம். அதுவே நல்லதாகப் போயிற்று. செருப்பைத் தேடுகிறவர்கள் நின்று பேசினார்கள்.

அடையாள எண்ணை மட்டும் யாரையும் மனப்பாடமாக எழுத விடாதீர்கள். அட்டையை வாங்கி நீங்களே பார்த்து எழுதுங்கள். பதின்மூன்று இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும். ஓர் ஆயா நாளை முதலில் போட்டு, அழகான கையெழுத்தில் முழு வரியையும் வீணாக்கினார். "எழுபது வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன்" என்று எனக்கே பாடம் நடத்தினார். அதன் பிறகு பேனாவை நான் யாரிடமும் கொடுக்கவில்லை, கையெழுத்துப் போடும் நேரம் தவிர.

பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். அடையாள எண்ணை 32810-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். இல்லையென்றால் பதிவு செய்யச் சொல்லி அனுப்புங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 3, 4 தேதிகளில் பதிவு முகாம் இருந்தது, பலரை அங்கே காரில் ஏற்றிப் போனோம். தள்ளுபடி ஆகும் கையெழுத்துகளை நினைத்து குறைந்தது ஆயிரத்து முந்நூறு வாங்குங்கள். வைப்புத்தொகை 15,000 ராண்ட், இடம் கிடைத்தால்தான் திரும்பி வரும்.

மனு கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 8, மாலை 5 மணி. முந்தின இரவு எங்கள் முன்னாள் மேயர் வீட்டுச் சமையலறையில்தான் அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டேன். மிச்சம் சில நூறு. நீண்ட நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது ஒரு வார்டுக்குப் போதும், மாஸ்டர்" என்றார். வார்டில் சுயேச்சையாக நிற்க ஐம்பது கையெழுத்து போதும். அவர் மனு கொடுக்கவில்லை. மே 29 தேர்தலில் நாடு முழுவதும் நின்ற சுயேச்சைகளில் ஒருவர்கூட வெல்லவில்லை.

ஆயிரத்துச் சொச்சம் பேரின் அடையாள எண்கள் இருந்த தாள்களைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது. அவர் முடிவெடுத்த மறுநாள் கொல்லையில் வைத்து, ஒவ்வொரு கட்டாக எரித்தோம்.