தளர்ந்த காற்றறை: என் அனுபவம்

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து வார இறுதிகளில் கோல குபு பாரு ஊருக்குப் போய், சிலாங்கூர் ஆற்றில் ராஃப்டிங் (காற்றடித்த ரப்பர் படகில் வேகமான ஆற்றில் போவது) வழிகாட்டியாக வேலை செய்கிறேன். ஒரு படகின் இடது முன்பக்கக் காற்றறை மட்டும் அடிக்கடி தளர்ந்தது. வெயிலில் காற்றடித்த படகு குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் காற்று சுருங்கிக் கொஞ்சம் தொய்யும். மறுபடி அடித்தால் சரியாகிவிடும். இது அப்படியில்லை.

“அண்ணே, வால்வைப் பாருங்க” என்றான் உடன் வேலை செய்யும் தம்பி. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். பழைய ஒட்டுப் போட்ட இடத்தில் ஒன்றுமில்லை. வால்வின் ஓரத்தில் மட்டும் கடுகளவு குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. காற்றை இறக்கிக் கழற்றினால், ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் துகள்! நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மாட்டி இறுக்கினேன். ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் கட்டைவிரலால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஆட்களை ஏற்றினேன்.