போலோ நெக்கா, டர்ட்டில்நெக்கா: கழுத்தை மூடும் ஸ்வெட்டரைச் சொல்வதும் எழுதுவதும்

மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குப் புறப்பட்ட என் அக்கா மகள் கொடுத்த பட்டியலில் ‘கறுப்பு போலோ நெக் – 2’ என்று ஒரு வரி இருந்தது. ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கி, கோலர் வைத்து முன்பக்கம் பொத்தான் தைத்த இரண்டு டீ-சட்டைகளை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கோலாலம்பூரில் போலோ என்றால் அதுதானே. அவள் கேட்டதோ, கழுத்தைச் சுற்றி உயர்ந்து, வெளிப்பக்கமாக மடிந்து, தாடைக்குக் கீழ்வரை மூடுகின்ற கம்பளிப் பின்னலாடை. இரண்டு பெயர்களும் குதிரையேறி ஆடும் போலோ விளையாட்டோடு ஒட்டியவை என்றாலும், ஒன்றில் கழுத்து திறந்திருக்கும், மற்றொன்றில் மூடியிருக்கும்.

ஆகவே, இந்த ஆடையின் பெயரைக் கேட்டதும், அதைச் சொன்னவர் எந்த நாட்டு ஆங்கிலம் பேசுகிறார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். மடித்துவிடும் உயர்ந்த கழுத்துடைய ஸ்வெட்டரைப் பிரிட்டனில் போலோ நெக் அல்லது ரோல் நெக் என்பார்கள். அமெரிக்காவில் அதுவே டர்ட்டில்நெக். சிக்கல் என்னவென்றால், டர்ட்டில்நெக் என்ற சொல் பிரிட்டனிலும் உண்டு. ஆனால் அங்கே மரபாக அது மடிப்பில்லாமல் சற்றுக் குட்டையாக நிற்கும் கழுத்தைக் குறிக்கும். அந்தக் குட்டைக் கழுத்துக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் மோக் நெக். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடைதோறும் அணிந்துவந்த, ஜப்பானிய வடிவமைப்பாளர் இசே மியாகே செய்துகொடுத்த கறுப்புச் சட்டையை எல்லோரும் டர்ட்டில்நெக் என்கிறார்கள். கழுத்தைக் கூர்ந்து பார்த்தால் அது மோக் நெக்தான். மெல்போர்னுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இன்னொரு சொல்லையும் அறிந்துகொள்வது நல்லது: ஆஸ்திரேலியாவில் மெல்லிய பருத்தித் துணியில் தைத்த இத்தகைய சட்டைக்கு ஸ்கிவ்வி என்று பெயர். அதே சொல்லை லண்டனில் சொன்னால் எடுபிடி வேலைக்காரி என்றும், அமெரிக்காவில் பன்மையில் சொன்னால் உள்ளாடை என்றும் பொருள்படும் என்பதால், அதை ஆஸ்திரேலியாவோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

நம் ஊர்க் கடைகளில் பெயரைச் சொல்வதைவிட வடிவத்தைச் சொல்வதே பயன்தரும். மலாய்க்காரர் கடையில் ‘லேஹேர் திங்கி’, அதாவது உயர்ந்த கழுத்து என்று கேட்கலாம். தமிழ்க் கடையில் ‘கழுத்தை மடிச்சு விடுற ஸ்வெட்டர் இருக்கா, அண்ணே?’ என்றால் போதும். மலாய் ஆண்களின் மரபுச் சட்டையான பாஜு மெலாயுவில் வரும் செக்காக் மூசாங் கழுத்தை இதற்கு உவமை சொல்பவர்களும் உண்டு. ஆனால் அது பொத்தான் போட்டு மூடும் விறைப்பான கழுத்துப்பட்டை, இதுவோ தலைவழியே இழுத்து மாட்டும்போது விரிந்து பிறகு சுருங்கும் பின்னல், எனவே அந்த உவமை கடைக்காரரைக் குழப்பத்தான் உதவும். கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ ஒருநாள் போய்வருபவருக்கு மோக் நெக்கே அதிகம். மடித்த கம்பளிக் கழுத்து உண்மையான பனிக்கு உரியது.

தமிழில் எழுதும்போது ‘டர்டில்’ என்று ஒற்றை ட போட்டால் அது மென்மையாக ஒலித்துவிடும் என்பதால், ‘ஆட்டோ’வில் செய்வதுபோல ட் இரட்டித்து ‘டர்ட்டில்நெக்’ என்று எழுதுவதே ஒலிக்குப் பொருந்தும். வேற்றுமை உருபோ பன்மை விகுதியோ சேரும்போது ககரம் இரட்டிக்கும்: டர்ட்டில்நெக்கை, டர்ட்டில்நெக்கில், டர்ட்டில்நெக்குகள். வினைச்சொல்லிலும் கவனம் தேவை. சேலையும் வேட்டியும் உடுத்துபவை, கட்டுபவை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறோம், மாட்டிக்கொள்கிறோம், எழுத்தில் அணிகிறோம். ‘டர்ட்டில்நெக் உடுத்தியிருந்தார்’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம், அவர் அதை இடுப்பில் சுற்றியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதுபோலவே இது பின்னிய ஆடை, நெய்த ஆடை அன்று.

‘ஆமைக்கழுத்துச் சட்டை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டிலிருந்து தலை நீட்டும் ஆமையின் உருவம் ஆங்கிலத்தில் பொருந்தியிருக்கிறது என்பது மெய்தான். ஆயினும் முன்பே அறியாத ஒருவர் அந்தச் சொல்லைப் பார்த்து ஆடையை ஊகிக்க முடியாது, தவிர ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று சொல்லி வளர்ந்த பாட்டிமார் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பெயரோடு ஒரு பரிசுப்பொட்டலம் போவது அவ்வளவு நல்லதன்று. கட்டுரையிலோ கதையிலோ எழுதுபவர், முதல்முறை வரும் இடத்தில் ‘கழுத்தை மூடி மடிந்த டர்ட்டில்நெக் ஸ்வெட்டர்’ என்று ஒருமுறை விளக்கிவிட்டு, அதன்பின் டர்ட்டில்நெக் என்று மட்டும் எழுதலாம். கதை பிரிட்டனில் நடந்தால் அந்த இடத்தில் போலோ நெக் வரட்டும்; ஆனால் ‘நெக்’கை விட்டுவிட்டு வெறும் போலோ என்று எழுத வேண்டாம்.

அக்கா மகளின் பட்டியலில் அந்த வரியை இப்போது இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன்: ‘கறுப்பு ஸ்வெட்டர் – 2, கம்பளி, கழுத்து உயர்ந்து வெளிப்பக்கம் மடிவது, பொத்தான் கிடையாது.’