குளிரில் விதைத்த புல்தரை: முளைக்கக் காத்திருக்கும் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்ந்த பருவத்தில் விதைத்த புல் பத்து நாளாகியும் தலைகாட்டவில்லை என்றால் பெரும்பாலும் விதையில் குறை இருக்காது. மண் இன்னும் சூடேறவில்லை, அவ்வளவுதான். கெடுதல் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. பொறுமையிழந்து மண்ணைக் கிளறுவார்கள், மறுபடி விதை தூவுவார்கள், தண்ணீரைக் கொட்டுவார்கள். தானாக முளைத்திருக்க வேண்டிய விதை இந்த வேலைகளால் வீணாகிறது.

காற்றின் வெப்பத்தை வைத்துக் கணக்குப் போடுவது

பகலில் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும், இரவில் 4 டிகிரிக்கு இறங்கும். அப்படிப்பட்ட நாட்களில் மண் 8, 9 டிகிரியிலேயே நிற்கக்கூடும். விதைக்குப் படுவது மண்ணின் சூடுதான். ஒரு சமையல் தெர்மாமீட்டரை 5 செ.மீ. ஆழத்தில் செருகி, தினமும் காலையில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு நாள் பாருங்கள். ரை (ரைகிராஸ்), பெஸ்க்யூ, புளூகிராஸ் போன்ற குளிர்ப்பருவப் புற்களுக்கு 10 முதல் 18 டிகிரி மண் தோதானது. 10-க்குக் கீழே போனால் முளைப்பு ஒரேயடியாக நின்றுவிடாது. ஆனால் நாட்கள் இரட்டிப்பாகும், முளைப்பதும் திட்டுத் திட்டாக வரும். அருகம்புல்லின் கதையே வேறு. மண் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் அது அசையாது. அதைக் குளிரில் விதைத்துவிட்டுக் காத்திருப்பதில் பொருளில்லை, வெயில் பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

எல்லா வகைக்கும் ஒரே கெடு வைப்பது

தோதான சூட்டில் ரை 5 முதல் 10 நாளில் முளைக்கும், பெஸ்க்யூவில் உயரமான வகையான உயர் பெஸ்க்யூ 7 முதல் 14 நாளில். புளூகிராஸுக்கு 14 முதல் 28 நாள் வேண்டும். குளிர்ந்த மண்ணில் ரைக்கே மூன்று வாரம் ஆகலாம், புளூகிராஸ் ஆறு வாரம்கூட எடுக்கும்.

கலப்பு விதை வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். முதலில் ரை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும். அதைப் பார்த்துக் கலங்கி மறுபடி தூவிவிட்டால், பிறகு புளூகிராஸும் இரண்டாம் தடவை தூவியதும் சேர்ந்து நெருக்கியடித்துக்கொண்டு வரும். காற்றோட்டமில்லாத அந்த நெருக்கத்தில்தான் நாற்றழுகல், அதாவது இளம் முளைகள் அழுகிச் சாயும் பூஞ்சை நோய், பிடிக்கிறது. விதைப் பையின் மேலுள்ள சீட்டில் எந்த வகை எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் எது மிக மெதுவானதோ, அதற்குரிய நாளைத்தான் கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டும். அளவிலும் வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. சதுர மீட்டருக்கு ரை, உயர் பெஸ்க்யூ என்றால் 30 முதல் 40 கிராம், புளூகிராஸ் என்றால் 10 முதல் 15 கிராம் போதும். புளூகிராஸ் விதை அவ்வளவு பொடி.

வெயில்காலக் கணக்கில் தண்ணீர் விடுவது

குளிரில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். விதை முதலில் தண்ணீரை உறிஞ்சி உப்பும், பிறகு தோலைக் கிழித்துக்கொண்டு முளைவேர் வெளிவரும். முளைவேர் வந்தபின் மண் காய்ந்தால் அந்த விதை போனதுதான். ஆகவே மேலே உள்ள 1, 2 செ.மீ. மண் காயக்கூடாது என்பது சரி. ஆனால் அதற்காக நாளுக்கு மூன்று வேளை தெளிக்க வேண்டியதில்லை. குளிரில் ஈரம் மெதுவாகத்தான் ஆவியாகும். மேகமூட்டமான நாளில் ஒரு வேளை தெளித்தால் போதும், சில நாள் அதுவும் வேண்டாம். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் தேங்கினால் விதைக்குக் காற்றுக் கிடைக்காது, அழுகிவிடும். சொதசொதவென்று நனைந்த மண் சூடேறவும் அதிக நேரம் பிடிக்கும். முளைப்பை விரைவுபடுத்த விட்ட தண்ணீரே அதைத் தாமதப்படுத்துகிறது.

விரலால் தொட்டால் மண் விரலில் ஒட்ட வேண்டும், அழுத்தினால் நீர் கசியக்கூடாது. மேற்பரப்பு பளபளத்தாலோ பச்சையாகப் பாசி படர்ந்தாலோ அன்றைக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். காலையில் பூவாளியாலோ மெல்லிய தெளிப்பானாலோ விடுவது நல்லது. மாலையில் விட்டால் இரவு முழுக்க ஈரம் நிற்கும், நோய் பிடிக்கும். குழாயை நேரே பிடித்தால் விதை அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் குவியும்.

கிளறிப் பார்ப்பது

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தால், ஓரத்தில் ஒரு தேக்கரண்டி மண் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். உப்பிய விதையின் ஒரு முனையில் வெள்ளை நுனி தெரிந்தால் முளைப்பு தொடங்கிவிட்டது. நகத்தால் அழுத்தும்போது கெட்டியாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். கூழாக நசுங்கி நாற்றமடித்தால் அழுகியது. ரேக் போட்டு வாருவது மட்டும் வேண்டவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத முளைவேர்களெல்லாம் ஒடிந்துபோகும்.

இதைவிட நல்ல வழி, விதைக்கும் நாளிலேயே 100 விதையை ஈர டிஷ்யூ தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, 20 டிகிரி அளவுள்ள அறையில் வைப்பது. ரை, பெஸ்க்யூவை இரண்டு வாரத்திலும், புளூகிராஸை நான்கு வாரத்திலும் எண்ணுங்கள். 80-க்கு மேல் முளைத்திருந்தால் விதையில் குறையில்லை, தரையில் தாமதமாவதற்குக் காரணம் குளிரோ ஈரமோதான். பாதிகூடத் தேறாவிட்டால் பழைய விதை.

மூடுவதிலும் உரமிடுவதிலும்

ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை விரித்துவிட்டு மறந்தால், ஒரே நல்ல வெயிலில் முளைகள் வெந்துவிடும். காற்றும் நீரும் புகும் வெள்ளை நெய்யாத்துணி (நூலால் நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்த மெல்லிய துணி) போதும், அது மண்ணுக்கு ஓரிரு டிகிரி கூட்டித் தரும். புல் 2, 3 செ.மீ. வளர்ந்ததும் எடுத்துவிடுங்கள். வைக்கோல் மூடாக்கு என்றால் பாதி மண் வெளியே தெரியும்படி மெல்லிதாகத்தான் பரப்ப வேண்டும். முளைப்பதற்கான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. யூரியா போட்டால் முளைப்பு விரைவாகாது, இளமுளைதான் கருகும். களை வருகிறதே என்று பெண்டிமெத்தலின் போன்ற முளைப்புக்கு முந்தைய களைக்கொல்லியைத் தெளித்தால் களையோடு புல்லும் முளைக்காது.

எப்போது மறுபடி விதைக்கலாம்?

மண் 10 டிகிரிக்கு மேல் நிலையாக வந்து, மெதுவான வகைக்குரிய நாளும் கடந்தபின் பாருங்கள். மண் 5 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் முளைக்காத விதையை அப்படியே விட்டுவிடலாம். பெரும்பகுதி சூடு திரும்பும்வரை உறங்கிக் கிடக்கும். பறவையும் மழையும் கொண்டுபோனதற்கு ஈடாக அப்போது கொஞ்சம் தூவினால் போதும்.

உள்ளங்கையைவிடப் பெரிய வெற்றிடங்களில் மட்டும் மண்ணை லேசாகக் கீறி விதையுங்கள். 5, 6 மி.மீ.க்கு மேல் மண் மூடக்கூடாது, புளூகிராஸுக்கு 3 மி.மீ. தூவியபின் பலகையால் அழுத்திவிடுங்கள். நாளை மிச்சப்படுத்த வேண்டுமானால் விதையைத் துணிப்பையில் கட்டி 24 மணி நேரம் ஊறவையுங்கள், இடையில் ஒருமுறை நீரை மாற்றுங்கள். வடித்தபின் அதே அளவு காய்ந்த மணலோடு கலந்தால் ஒட்டாமல் தூவலாம். முளைவேர் எட்டிப் பார்க்கும் வரை விட்டுவைக்காதீர்கள், தூவும்போதே ஒடிந்துவிடும்.