கோடையில் ஆடு, மாடு, கோழி: இரக்கப்பட்டுச் செய்யும் தவறுகள்

விளாத்திகுளம், சாத்தூர் பக்கத்துக் கரிசல் ஊர்களில் தை, மாசியில் போட்ட சோளத்தட்டைப் படப்பு (தட்டைப் போர்) வைகாசிக்குள் பாதியாகிவிடும். கண்மாயிலும் தண்ணீர் இருக்காது. ஐப்பசி மழைவரை வீட்டில் நிற்கும் ஒரு மாட்டையும் நாலைந்து ஆட்டையும் பத்துக் கோழியையும் காப்பாற்றுவது பெரும்பாடு. பசியால் சாவதைவிட, பசிக்கிறதே என்று நாம் எதையாவது அள்ளிப் போட்டுச் சாவதுதான் அதிகமோ என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. விசேஷம் முடிந்து ஒரு அண்டாச் சோறு மிச்சம். ‘வாயில்லாச் சீவன், தின்னுட்டுப் போகட்டும்’ என்று பெரியம்மா மாட்டுக்கு வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அசைபோடவில்லை, சாயங்காலம் படுத்தது, பிறகு எழவே இல்லை. மாட்டின் முதல் வயிறு நார்த்தீனிக்குப் பழகியது. சோறு மொத்தமாக இறங்கினால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை மளமளவென்று புளிக்கவைத்து அமிலமாக்கிவிடும். உடம்பில் உள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபட்டு, கண் குழிவிழுந்து மாடு துவண்டுவிடும். ரேஷன் அரிசிக் கஞ்சி, குருணை, கம்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தட்டையோ வைக்கோலோ தின்ற பிறகு, கைப்பிடி அளவில் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் மெல்லக் கூட்ட வேண்டும். அவிழ்த்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டது என்று தெரிந்தால், படுக்கட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 1962-க்கு போன் செய்யுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

அந்தப் பதற்றத்தில் இன்னொரு தப்பு நடக்கும். தலையை அண்ணாந்து தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு எண்ணெயோ கசாயமோ ஊற்றுவார்கள். நாக்கைப் பிடித்தால் மாடு எப்படி விழுங்கும்? மருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். வயிற்று நோய் தீர்ந்தும் சளிக்காய்ச்சலில் செத்த மாடுகள் உண்டு.

அடுத்தது சோளம். மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும் பயிரைப் பார்த்தால், ‘இனி எங்கே கதிர் வரப்போகுது, மாடாவது மேயட்டும்’ என்றுதான் யாருக்கும் தோன்றும். இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு, வாடிய பயிரில் அது இன்னும் கூடும். வெட்டிய காட்டில் ஒரு கோடை மழைக்குத் தழைக்கும் மறுதாம்பும் அப்படித்தான். பசியோடு போய் மேய்ந்த மாடு மூச்சு வாங்கி, நுரை தள்ளி, சில சமயம் டாக்டர் வருவதற்குள்ளேயே முடிந்துவிடும். கதிர் தள்ளிய பயிராகக் கொடுங்கள். இல்லையென்றால் அறுத்து நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள்.

யூரியா பற்றி ஒரு வார்த்தை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் சத்துக் கூடும் என்பது உண்மைதான். கேள்விப்பட்டதை வைத்துத் தொட்டித் தண்ணீரில் ஒரு பிடி கரைத்துவிடுவது மாட்டைக் கொல்லும் வேலை.

அப்புறம் விற்பனை. தீனி குறையும்போது ஆட்டையும் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் கைக்குப் பணம் வேண்டும் என்று எல்லாரும் முதலில் ஓட்டிப்போவது நல்ல விலைக்குப் போகும் தாயாட்டை. வருஷா வருஷம் இரட்டைக் குட்டி போட்டதை எட்டயபுரம் சந்தையில் விற்றுவிட்டு, பல் தேய்ந்ததையும் சினை பிடிக்காததையும் வைத்துக்கொண்டு கோடையைக் கழித்தால், மழை வந்த பிறகு பெருக்க என்ன இருக்கும்? கிடாக் குட்டிகளையும் கிழட்டு ஆடுகளையும் உடம்பு வற்றுவதற்கு முன்பே கழித்துவிடுங்கள். நாலு வியாபாரிகள் சேர்ந்து விலையை இறக்குவது தீனி தீர்ந்த வைகாசியில்தான். கோயில் கொடை, கிடாவெட்டு வரும் ஆடிவரை இரண்டு கிடாவைத் தேற்றி நிறுத்த முடிந்தால் நல்லது.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல்தான் எமன். ஒன்று தூங்கி விழுந்ததும் மிச்சத்தை அவசரமாக விற்பதும், செத்ததை ஓடையில் எறிவதும் நோயை ஊர் முழுக்கப் பரப்பும் வழி. ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நோய் வந்த பிறகு ஊசி தேடிப் பயனில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. வழக்கமாக பிப்ரவரியில் அரசு முகாம் நடக்கும், அதைத் தவறவிடாதீர்கள். சந்தையில் வாங்கிய கோழியை அன்று ராத்திரியே பழைய கோழிகளோடு பஞ்சாரத்தில் கவிழ்ப்பதும் வேண்டாம். மூன்று வாரம் தனியே கிடக்கட்டும்.

மழை விழுந்ததும் கஷ்டம் தீர்ந்தது என்று நினைப்பதுதான் கடைசித் தவறு. மாதக்கணக்கில் காய்ந்த வயிறு இளம்புல்லை வெறிகொண்டு மேயும். குடலில் சும்மா கிடந்த கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். இதுதான் துள்ளுமாரி. கொழுத்து நிற்கும் நல்ல ஆடுதான் முதலில் துள்ளி விழும். இதற்கான ஊசியை மழைக்கு முன்பே, ஆவணி புரட்டாசியிலேயே போட்டுவிட வேண்டும். முதல் மழைக்குப் பிந்திய வாரங்களில் ஆடுகளுக்குக் காலையில் கொஞ்சம் காய்ந்த தட்டை கொடுத்து, பனி ஈரம் வற்றிய பிறகு பட்டியைத் திறப்போம். அதற்காகவே படப்பில் கடைசி இரண்டு கட்டுத் தட்டையை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.