கை உயர்ந்தால் வெளிச்சம் கூடும்: நடன மேடைக்கு ஒரு சின்னச் சென்சர்

அரங்கேற்றங்களில் லைட் பார்ப்பவர், ஆடுகிற பிள்ளையின் கை எப்போது உயரும் என்று பார்த்துப் பார்த்துத்தான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தள்ளுகிறார். அந்த ஃபேடர்களில் ஒன்றை மட்டும் ஆடுபவரின் கைக்கே கொடுத்துவிடலாம். முன்கையில் ஒரு சென்சரைக் கட்டினால், கை உயர உயரப் பின்திரையின் நீல வெளிச்சம் கூடும், இறங்கினால் குறையும். இதற்கு மின்னணுவியல் படித்திருக்கத் தேவையில்லை. சின்னக் கணினிகளுக்கு நிரல் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருந்தால் போதும்.

யோசனை பழசுதான். நடனக்காரரின் அசைவுக்கேற்ப ஒலி எழுப்பும் மேடை ஒன்றை ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின் 1932இலேயே நியூயோர்க்கில் காட்டிவிட்டார். 1984இல் நெதர்லாந்து இசைக்கலைஞர் மிசெல் வைஸ்விஸ் இரண்டு கைகளிலும் சென்சர்களை மாட்டிக்கொண்டு இசை வாசித்தார். இன்று அதற்கான சாமான்கள் கொழும்புப் புறக்கோட்டையில் கிடைக்கின்றன என்பதுதான் வித்தியாசம்.

படி 1: முதலில் ரீச்சரோடு கதையுங்கள்

எந்த உருப்படியில், எந்த அசைவுக்கு வெளிச்சம் மாறவேண்டும் என்பதை நடன ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஓர் அசைவு, ஒரு வெளிச்சம். அதற்குமேல் ஆசைப்படவேண்டாம். ஒவ்வொரு அசைவுக்கும் ஏதாவது மினுங்கினால், பார்ப்பவர்களுக்கு எது எதனால் நடக்கிறது என்றே விளங்காது. பிள்ளையின் அபிநயமும் அதற்குள் காணாமல் போய்விடும். கை ஆறுதலாக உயரும் பதம் (மெதுவான அபிநய உருப்படி) ஒன்று தொடக்கத்துக்கு நல்லது.

படி 2: சாமான்

ஓர் இஎஸ்பி32, ஓர் எம்பியு6050 சென்சர், மெல்லிய வயர், பற்றரி. இஎஸ்பி32 என்பது வைஃபை உள்ள சின்னக் கணினி. எம்பியு6050 மூன்று திசை முடுக்கத்தையும் மூன்று திசைச் சுழற்சியையும் அளக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். ஒன்லைன் கடைகளிலும் எடுக்கலாம்.

பற்றரி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். 3.7 வோல்ட் லித்தியம் பற்றரியைச் சாதாரண இஎஸ்பி32 போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுத்தால், வைஃபை மின்சாரத்தை இழுக்கும் நேரம் போர்ட் அணைந்து திரும்பத் தொடங்கும். பற்றரி செருகும் இடமும் சார்ஜ் வசதியும் உள்ள போர்டாகப் பார்த்து வாங்குங்கள். பவர் பேங்கும் பாவிக்கலாம். ஆனால் சில பவர் பேங்குகள் இவ்வளவு சின்னச் சுமையைக் கண்டுகொள்ளாமல் தாங்களாகவே அணைந்துவிடும். வீட்டில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தால் தெரியும்.

படி 3: வயர்

பின்களின் பெயர்கள் போர்டிலேயே எழுதியிருக்கும். சென்சரின் விசிசியை 3.3 வோல்ட்டுக்கும், ஜிஎன்டியை ஜிஎன்டிக்கும், எஸ்டிஏவை 21ஆம் பின்னுக்கும், எஸ்சிஎல்லை 22ஆம் பின்னுக்கும் கொடுங்கள். மேசையில் பரிசோதிக்க, வயர்களைச் செருகினாலே போதுமான பிரெட்போர்ட் போதும். ஆடும்போது அது நிற்காது, எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டவேண்டும். ஈயம் வைத்துப் பழக்கம் இல்லையென்றால் ரேடியோ திருத்தும் கடையில் சொன்னால் செய்து தருவார்கள்.

படி 4: எண்களைப் பாருங்கள்

ஆர்டுயினோவில் எடாஃப்ரூட் நிறுவனத்தின் எம்பியு6050 நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) நிறுவி, அதோடு வரும் உதாரண நிரலை ஓட்டுங்கள். திரையில் எண்கள் ஓடும். சென்சரை முன்கையில், ஓர் அச்சு கையின் நீளவாக்கில் இருக்கும்படி கட்டுங்கள். கையைத் தொங்கவிட்டால் அந்த அச்சில் ஏறத்தாழ 9.8 வரும், அது புவியீர்ப்பு. தோளளவுக்கு நீட்டினால் 0. மேலே தூக்கினால் −9.8. சென்சரைத் தலைகீழாகக் கட்டியிருந்தால் குறிகள் மாறும்.

இந்த மூன்று எண்களை அப்படியே 0 முதல் 1 வரையான வெளிச்சமாக மாற்றத்தான் எல்லோருக்கும் தோன்றும். பரதத்துக்கு அது சரிவராது. நாட்டியாரம்ப நிலையில் முன்கை ஏறக்குறையத் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும், அதாவது 0. அடவுகளில் பிள்ளை அடிக்கடி திரும்பி வருவதும் அந்த நிலைக்குத்தான். வெளிச்சம் பாதியில் தொங்கிக்கொண்டே நடுங்கும். அதனால் தோளளவுக்குக் கீழே எல்லாம் இருட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். −2 வரைக்கும் வெளிச்சம் 0. அதிலிருந்து −9 வரை படிப்படியாக 1. கைகளைத் தலைக்குமேல் கூப்பும்போது மட்டும் திரை முழுதாக நீலமாகும். அந்த நேரத்துக்கு அது மதிப்பாகவும் இருக்கும்.

அடுத்தது நடுக்கம். புதிய அளவீட்டில் பத்தில் ஒரு பங்கையும் பழைய மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கையும் கூட்டி, அதைப் புதிய மதிப்பாக எடுங்கள். வினாடிக்கு 50 தடவை படித்தால் வெளிச்சம் கையைவிட ஏறத்தாழ 0.2 வினாடி பின்தங்கும். பதத்தில் அது அழகு. வேகமான தாளச் சொற்கட்டான ஜதியில் அதே 0.2 வினாடி அபசுரம் மாதிரி உறுத்தும்.

படி 5: அனுப்புங்கள், லைட்டோடு இணையுங்கள்

மதிப்பை ஓஎஸ்சி என்ற முறையில் வைஃபை வழியாக லெப்டொப்புக்கு அனுப்புகிறோம். இதற்கான நூலகமும் ஆர்டுயினோவில் உண்டு. லெப்டொப்பின் ஐபி முகவரியையும் 7700 என்ற போர்ட் எண்ணையும் (செய்தி வந்து சேரும் வாசல்) நிரலில் எழுதுங்கள். லெப்டொப்பில் கியூஎல்சி பிளஸ் என்ற இலவச லைட் மென்பொருளைப் போட்டு, முதல் யுனிவர்ஸின் (லைட் சனல்களின் தொகுதி) உள்ளீடாக ஓஎஸ்சியைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு வேர்ச்சுவல் கொன்சோல் என்ற திரைப் பகுதியில் ஒரு ஸ்லைடர் வைத்து, அதன் அமைப்பில் ஓட்டோ டிடெக்டை அழுத்திவிட்டுக் கையை உயர்த்துங்கள். அது தானாகப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வோல்தான் மறித்துக்கொண்டு நிற்கும். லெப்டொப்புக்கும் லைட்டுக்கும் நடுவே யுஎஸ்பி–டிஎம்எக்ஸ் வயர் ஒன்று தேவை. டிஎம்எக்ஸ் என்பது மேடை லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை. வாடகைக்கு வரும் எல்இடி பார் லைட்டுகளில் பெரும்பாலும் டிஎம்எக்ஸ் இருக்கும்.

படி 6: உடம்பில் கட்டுதல்

உடுப்பின் அதே துணியில் சின்னப் பை தைத்து, இலாஸ்டிக்கும் வெல்குரோவும் வைக்கச் சொல்லுங்கள். கொழும்பு வெக்கையில் ஓர் உருப்படி முடிவதற்குள் பை நனைந்துவிடும். அதனால் போர்டை ஒரு சிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிட்டே உள்ளே வையுங்கள். பையின் மேல் அம்புக்குறி ஒன்று தைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில் கட்டலாம். வைஃபை ஆன்டெனா இருக்கும் முனை வளையல், வங்கி என்ற கைநகை எதிலும் ஒட்டாமல் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும்.

படி 7: காலுக்கு ஒன்று

கை வேலைசெய்தபின் இரண்டாவது சென்சரைச் சலங்கைக்கு மேலே கட்டி, தட்டடவின் (காலைத் தட்டி ஆடும் அடவு) ஒவ்வொரு தட்டுக்கும் லைட்டைத் துடிக்கவைக்கலாம். இங்கே கணக்கு வேறு. எம்பியு6050 இயல்பாக ±2 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பின் அளவு) வரைதான் அளக்கும். தட்டு அதைத் தாண்டிவிடும். ±16 ஜிக்கு மாற்றி, வினாடிக்கு 200 தடவையாவது படியுங்கள். படி 4இல் நடுக்கம் குறைத்த கணக்கு இங்கே வேண்டாம். ஓர் எல்லையைத் தாண்டினால் அது தட்டு. அதன்பின் 150 மில்லி வினாடிக்கு எதையும் கணக்கெடுக்காதீர்கள், இல்லையென்றால் ஒரே தட்டின் அதிர்வு இரண்டு, மூன்றாக எண்ணப்படும். ஏன் 150? முதலாம் காலத்தில் (மெதுவான வேகம்) வினாடிக்கு ஒரு தட்டு என்றால் மூன்றாம் காலத்தில் நான்கு. இரண்டு தட்டுக்கு நடுவே 250 மில்லி வினாடிதான் இருக்கும்.

தட்டியதும் 1 என்று ஒரு செய்தியை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். வைஃபையில் சில செய்திகள் தொலையும். 1இலிருந்து 0 வரை இறங்கும் மதிப்பை வினாடிக்கு 50 தடவை அனுப்பிக்கொண்டே இருங்கள், 0க்கு வந்தபிறகும்கூட. ஒன்று தொலைந்தாலும் அடுத்தது சரிசெய்யும்.

படி 8: மண்டபம்

மண்டபத்தின் வைஃபையை நம்பவேண்டாம். சொந்த ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோய் மேடைக்குப் பக்கத்தில் உயரமாக வையுங்கள். இஎஸ்பி32 2.4 கிகாஹேர்ட்ஸில்தான் பேசும், 5இல் பேசாது. வெறும் மண்டபத்தில் ஒழுங்காக ஓடியது, இருக்கைகள் நிறைந்து அத்தனை போன்களும் விழித்தபின் தடுமாறலாம். 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் குறைந்ததைப் போன் செயலி ஒன்றால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரையும் லெப்டொப்பையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

கடைசியாக, லைட் பார்ப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சென்சர் ஸ்லைடருக்கு மேலாக ஒரு மாஸ்டர் ஃபேடர் அவர் கையில் இருக்கவேண்டும். உருப்படிக்கு முன்னும் பின்னும் அது 0இல் இருக்கட்டும், இல்லையென்றால் தட்டிக்கும்பிடும்போதும் காலுக்கான லைட் துடிக்கும். ஒத்திகையில் அவரும், தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தால், எந்த இடத்தில் ஏற்றி எந்த இடத்தில் இறக்குவது என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.