அட்வான்ஸ் வாங்கும் முன் அக்கா வீட்டுக்குப் போங்கள்: புது புரோக்கர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் இப்போது டீக்கடைக்கு ஒரு ரியல் எஸ்டேட் பையன் இருக்கிறான். போன் நிறைய மனை வீடியோ, பைக்கில் எந்நேரமும் பெட்ரோல், நல்ல சுறுசுறுப்பு. பட்டா பார்க்கணும், வில்லங்கம் போடணும், டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்கணும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரிகிறது. அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே போய் விழுகிற குழிகள் சில உண்டு. என் செட்டு ஆட்கள் அத்தனை பேரும் விழுந்து எழுந்த குழிகள்தான். அதே இடத்தில் இவர்களும் விழுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

கூடப் பிறந்த பெண்களைக் கேட்காமல் அட்வான்ஸ் வாங்குவது

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, ரோட்டு மேலேயே. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன் தம்பி இருவர் பெயருக்கும் கூட்டுப்பட்டா மாறியிருந்தது, வில்லங்கம் சுத்தம். எங்கள் ஆபீஸுக்கு வந்து போகும் பையன் ஒருவன் பார்ட்டி பிடித்து, மளமளவென்று விலை பேசி, அட்வான்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டான். ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அண்ணனும் தம்பியும் கையெழுத்து, சாட்சிக்கு இவனே. பெருமையாகக் கொண்டுவந்து காட்டினான்.

"கூடப் பிறந்த பொண்ணுங்க யாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

"ரெண்டு அக்கா இருக்காங்கண்ணா. அவங்களுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சாம். கூப்பிட்டா வந்து போட்டுட்டுப் போயிடுவாங்களாம்."

வந்து போட்டுட்டுப் போயிடுவாங்க. இதை நம்பி அட்வான்ஸ் வாங்கியவர்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

சட்டம் இதில் ரொம்பத் தெளிவு. இந்துக் குடும்பத்தில் ஓர் ஆண் சுயசம்பாத்தியச் சொத்தை வைத்துவிட்டு உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு. இது 1956-ல் வந்த வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பவுன் போட்டார்கள் என்ற பேச்சே அதில் கிடையாது. பூர்வீகச் சொத்தில்தான் குழப்பம் இருந்தது. 1989-ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம் மகள்களுக்கும் பங்கு கொடுத்தது, ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வித்தியாசமும் போனது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று கோர்ட்டுக்குக் கோர்ட் வேறு வேறு தீர்ப்பு வந்துகொண்டிருந்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை என்று முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவு செய்தோ கோர்ட் தீர்ப்பின் மூலமோ பாகம் பிரித்திருந்தால் அந்தப் பிரிவினை செல்லும்.

பையன்கள் ஏமாறுவது வில்லங்கச் சான்றைப் பார்த்துத்தான். பதிவான பத்திரம் மட்டும்தான் அதில் வரும். யார் இறந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வராது. முப்பது வருட வில்லங்கம் பளிச்சென்று இருக்கும், அதில் ஒரு மகள் பெயர்கூடத் தெரியாது. அதற்குத்தான் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று. அதிலும் பாட்டியைக் கோட்டை விடாதீர்கள். அப்பா முதலில் போய், அவருடைய அம்மா அப்புறம் இறந்திருந்தால், பாட்டிக்கு வந்த பங்கு பாட்டியின் மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது அத்தை, சித்தப்பா எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய ஆட்கள்.

சரி, தோப்புக் கதைக்கு வருகிறேன். மூத்த அக்கா நாமக்கல்லில் இருக்கிறார். தம்பிகள் அவரிடம் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் ஊர்க்காரர் ஒருவர் "தோப்பை வித்துட்டீங்களாமே" என்று விசாரித்தபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. பதிவுக்கு டோக்கன் போட்டிருந்த வாரத்தில் சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்தார். பின்னாலேயே பாகப்பிரிவினை வழக்கு.

வாங்க வந்தவர் கொண்டலாம்பட்டியில் தறி போட்டிருப்பவர். வீட்டம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தை அண்ணனும் தம்பியும் அதற்குள் கடனுக்குக் கட்டிவிட்டார்கள். தறிக்காரர் அவர்களைத் தேடிப் போகவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட நம் பையன் வீட்டுக்கு வந்தார். காலையில், வாசல் தெளிக்கிற நேரத்துக்கு. சத்தம் போடவில்லை, திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, அடகுக்கடை ரசீதைத் தொடை மேல் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். பையனின் மனைவி காபி கொடுத்தார். மறுநாளும் வந்தார், மறுநாளும் காபி. கொஞ்ச நாளில் அந்தப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பையன் பைக்கை விற்று நகைக்கு வட்டி கட்டினான்.

சமாதானம் பேச அவனைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் போனேன். அக்கா மரியாதையாக உட்காரவைத்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எம் பையன் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வரலைங்க. தோப்பு விக்கிறதையும் சொல்லலை. இப்பக் கையெழுத்துக்கு மட்டும் நான் அக்காவா?"

இதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? பங்கு கேட்பது அவர் உரிமை, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாதிரிக் கேஸ்களில் பாதிக்கு மேல் பணத்தால் முறுக்கிக்கொள்வதில்லை, சொல்லாமல் செய்ததால்தான் முறுக்கிக்கொள்கிறது. அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்னால் தம்பியே தட்டில் பழம் வெற்றிலையோடு போய், "அக்கா, இப்படி ஒரு விலைக்குக் கேட்கிறாங்க, நீ என்ன சொல்றே?" என்று கேட்டிருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். அட்வான்ஸுக்கு அப்புறம் அதே தட்டோடு போனால் கையெழுத்து வாங்க வந்திருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

ஆகவே விற்பவர் முதல் தடவை இடம் காட்டும்போதே குடும்ப மரத்தைக் காகிதத்தில் போடுங்கள். இறந்த மகன், இறந்த மகள் இருந்தால் அவர்கள் பிள்ளைகள் வரை போட வேண்டும். அதில் மைனர் இருந்தால் அங்கேயே நிறுத்தி வக்கீலைப் பாருங்கள், கோர்ட் அனுமதி தேவைப்படலாம். பெண்களிடம் நீங்களே நேரில் பேசாமல் ரசீது எழுதாதீர்கள். "போன்ல சொல்லிட்டோம்" என்பதை நம்பாதீர்கள். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதி வாங்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒத்தாசை செய்யாதீர்கள், அந்தப் பாவமும் வழக்கும் நமக்கு வேண்டாம். என்னைக் கேட்டால் அக்காக்களையும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகவே சேர்த்து, அவரவர் பங்குப் பணத்தை அவரவர் பேங்க் கணக்குக்கே போடச் சொல்வேன்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கைமாற்றுவது

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. செக், இல்லையென்றால் பேங்க் வழி.

ஏற்காட்டில் இடத்தை மட்டும் காட்டி விற்பது

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் விதியும் மாறிவிடும். மலைக் கிராமங்களில் மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் ஹாக்கா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுவின் விதிகள் குறுக்கே வரும். கீழே கன்னங்குறிச்சியில் விற்கிற மாதிரி அங்கே விற்க முடியாது. பெங்களூர் பார்ட்டி பனியையும் காபிச் செடியையும் பார்த்து மயங்கி அங்கேயே செக் எழுதத் தயாராக இருப்பார், நீங்கள் வாங்கிவிடாதீர்கள். மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலமா என்று தாலுகா ஆபீஸில் பார்த்த பிறகுதான் பேச்சு. அந்த நிலத்தை மற்றவருக்கு விற்றுக் கொடுத்தால், வாங்கியவருக்கும் நிலைக்காது, விற்றவரும் நடுத்தெருவுக்கு வருவார்.

"வரப்போகிறது" என்று விலை ஏற்றுவது

2018-ல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை அறிவிப்பு வந்ததும் அதைச் சொல்லியே விலை பேசியவர்கள் இங்கே நிறைய. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு மாற்றியது. சாலை எங்கே என்று வாங்கியவர்கள் இன்னும் புரோக்கரைத்தான் கேட்கிறார்கள்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் லேஅவுட் மனை விற்பது

வேண்டாம்.

வராத கமிஷனில் வீடு நடத்துவது

பத்திரப் பதிவு நடந்து பணம் கையில் ஏறும் வரை அது கமிஷன் இல்லை. வைகாசியில் பேசி முடித்த பேரம் ஆனியில் இழுத்து ஆடிக்குள் போய்விடும். ஆடியில் யாரும் பத்திரம் போட மாட்டார்கள், பதினெட்டாம் பெருக்கு அன்று வேண்டுமானால் சிலர் வருவார்கள். நமக்குக் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. ஆனால் ஸ்கூல் ஃபீஸ் ஜூனிலேயே வந்துவிடுகிறது. விலை பேசியதுமே வீட்டில் போய், "பெரிய பேரம் முடிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூன்று மாதம் மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்கும் ஆட்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வந்த கமிஷனை மாதச் சம்பளமாகப் பிரித்து வீட்டில் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் மொத்தமாகவே செலவாகும்.

சாப்பிடும்போது போன் எடுப்பது

எடுக்காதீர்கள். ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிடுகிறவர் விலை விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்.

சொந்தக்காரருக்கு விற்பது

கூடுமானவரை வேறு புரோக்கரைக் கைகாட்டிவிடுங்கள். விற்றே ஆகவேண்டும் என்றால் கமிஷனை முழுசாக வாங்குங்கள். "மச்சானாச்சே" என்று பாதி வாங்கினாலோ வாங்காமல் விட்டாலோ, பக்கத்து மனைக்காரன் வேலி நகர்த்தியதற்கும் போரில் தண்ணீர் வராததற்கும் அடுத்த பொங்கல் வரை நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.